பால்பல்தானே என்று விட்டுவிடலாமா?



செங்கல்பட்டில் மாலை நேர மக்தபில் ஓதிக்கொடுக்கும் எனக்குப் பல் மருத்துவத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சகோதரர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றுதான்: நாள்தோறும் முப்பது நாற்பது பிள்ளைகளின் வாயை மிக அருகிலிருந்து பார்ப்பவன் நான். தஜ்வீத் கற்பிப்பவனுக்கு அதுவே வேலை. ஸா, தால், ளா ஆகிய மூன்று எழுத்துகளும் நாவின் நுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடும்போதுதான் சரியாகப் பிறக்கும். ஃபா என்ற எழுத்து, அதே பற்களின் விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தைத் தொடுமிடத்தில் பிறக்கிறது. ஸனாயா, ரபாஇய்யாத், அன்யாப், அள்ராஸ் என்று பற்களின் அரபுப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அந்தப் பற்களே கறுத்துக் கரைந்து நிற்பதைக் கண்டால் மட்டும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

சென்ற ஷவ்வாலில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அல்கவ்ஸர் சூராவை ஓதிக் காட்டினான். அந்தப் பெயரிலேயே ஸா இருக்கிறது. அவனுக்கு அது வரவில்லை. நான் விடவில்லை, பத்து முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். பதினோராவது முறை அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். கையை விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல்முன்பற்கள் நான்கும் ஈறோடு ஒட்டிய பழுப்புநிறக் கட்டைகளாக இருந்தன. நாவுக்குத் தொட விளிம்பே இல்லை. இல்லாத பல்லின் மக்ரஜை அவனிடம் பத்து முறை கேட்டிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அவனுடைய தாயிடம் சொன்னேன். "பால்பல்தானே ஹஜ்ரத், விழுந்து முளைச்சிரும்" என்றார். தந்தை வளைகுடாவில் இருக்கிறார். வீட்டுப் பொறுப்பு முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் ஒவ்வொரு சூராவை மனனம் செய்து முடிக்கும்போதும் அந்தப் பிள்ளையின் கையில் மிட்டாய் வைத்தவன் நான்தான். பதினைந்து ஆண்டுகளாக என் மேசையில் மிட்டாய் டப்பா இருந்தது.

பால்பல் விழத்தான் போகிறது. ஆனால் எப்போது? முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். அவற்றைக் கொண்டே பிள்ளை அத்தனை ஆண்டுகள் மெல்லுகிறது. பின்னால் வரும் நிலைப்பற்களுக்கு இடம் காத்து வைப்பவையும் அவையே. அவை முன்கூட்டியே போனால் வருகிற பல் கோணலாக வரும். இன்னொன்றையும் பெற்றோர் அறிவதில்லை. ஆறு வயதையொட்டி எந்தப் பால்பல்லும் விழாமலே கடைவாயின் கோடியில் புதிதாக ஒரு பல் முளைக்கும். அது பால்பல் அன்று. வாழ்நாள் முழுவதற்குமான பல். அதையும் பால்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் நம்மிடையே மிகுதி.

அந்தச் சிறுவனைத் தாய் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மேல்பற்கள் கரைந்து, கீழ்முன்பற்கள் மட்டும் நலமாக இருப்பதைக் கண்டதுமே, இரவில் பால்புட்டியோடு உறங்கிய பிள்ளை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். புட்டியை உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக் காக்கும். இனிப்புப் பால் மேல்பற்களில் தேங்கும். உறக்கத்தில் உமிழ்நீரும் குறைவு. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. பால்பல்லின் மேற்பூச்சு மெல்லியது என்பதால் சொத்தை விரைவில் உள்ளே இறங்குகிறது. (தேன் தடவிய சூப்பானைச் சுன்னத் என்று எண்ணித் தரும் பாட்டிமார்களுக்கு ஒரு சொல்: தஹ்னீக் என்பது பிறந்த குழந்தைக்கு ஒரு முறை செய்வது. நாள்தோறும் இரவில் செய்வதன்று.)

அவனுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர், அவனுடைய இரண்டு வயதுத் தங்கையின் வாயையும் பார்த்தார். மேல்பற்களில் ஈறையொட்டிச் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. சொத்தையின் முதல் அடையாளம் அது. இன்னும் குழி விழவில்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாருங்கள் என்றார். அந்தத் தாய் அன்று பூசாமலே திரும்பிவிட்டார். மறுநாள் மக்தப் வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: அதில் ஆல்கஹால் இருக்கிறதாமே, ஹலாலா? ஃபுளோரைடு விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? மிஸ்வாக் செய்தால் போதாதா?

பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. மருத்துவர்களைக் கேட்டேன், மூத்த ஆலிம்களைக் கேட்டேன்.

விஷம் என்ற அச்சம் வெறும் வதந்தியிலிருந்து வந்ததன்று. அந்த வீட்டு நன்னிம்மா கிருஷ்ணகிரிப் பக்கத்தவர். அவருடைய பற்களில் இளமையிலிருந்தே பழுப்புப் பட்டைகள் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடிப் பாறையிலிருந்து குடிநீரில் கலந்த ஃபுளோரைடு பற்களைக் கறையாக்கி, முதிர்ந்த நிலையில் எலும்புகளையும் வளைத்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் இருப்பதை மருத்துவர்கள் 1937-லேயே எழுதி வைத்தனர். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கும் மேலான நீரைத் தலைமுறைகளாகக் குடித்த அம்மக்களுக்காகவே, ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற நோயின் பெயர் இருக்கிறது. எனவே நன்னிம்மாவின் அச்சத்தை நான் எள்ளமாட்டேன்.

ஆனால் அங்கே நடந்தது என்ன? தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மிடறிலும் ஃபுளோரைடு உடலுக்குள் சென்றது. வார்னிஷ் என்பது முளைத்து வெளிவந்த பல்லின் மேல் ஆண்டுக்கு இருமுறை பூசும் மெல்லிய பூச்சு. அதன் செறிவு அதிகம்தான். பத்து லட்சத்தில் 22,600 பங்கு. சாதாரணப் பற்பசையில் ஏறக்குறைய 1000 பங்கு. ஆயினும் சிறு குழந்தைக்குப் பூசுவது கால் மில்லிலிட்டர். அதிலுள்ள ஃபுளோரைடு முழுவதும் சேர்த்து ஆறு மில்லிகிராமுக்கும் குறைவு. உடல் எடையில் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் உள்ளே சென்றால்தான் நஞ்சாகும் என்று அஞ்சுகிறார்கள். பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது அறுபது மில்லிகிராம்.

வாரம் ஒருநாள் கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்திலும் வகுப்பெடுக்கச் செல்கிறேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் கிணற்று நீர் உப்பேறிய இடங்கள் பல. கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் ஏராளம். ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரில் மற்ற உப்புகளோடு ஃபுளோரைடும் பெரும்பாலும் போய்விடுகிறது. கேன் தண்ணீர் குடித்து, ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பற்பசையில் பல் விளக்கும் பிள்ளை, தருமபுரிப் பிள்ளைக்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கிறது. அங்கே மிகுதி, இங்கே பற்றாக்குறை. அங்கு நேர்ந்த துன்பத்தைக் காட்டி இங்குள்ள பிள்ளைக்கு மருந்தை மறுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆல்கஹால் பற்றிய கேள்விக்கு வருவோம். பெரும்பாலான வார்னிஷ்களில் அது இருப்பது உண்மை. பைன் மரப் பிசினைக் கரைத்து வைப்பதற்காக எத்தனால் சேர்க்கிறார்கள். பூசியதும் அது ஆவியாகிப் பிசின் மட்டும் பல்லில் படியும். திராட்சை, பேரீச்சையிலிருந்து எடுக்கப்படாத ஆல்கஹாலைப் போதைக்காக அன்றி, மருந்தின் தேவைக்காகச் சிறிதளவு பயன்படுத்துவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு இக்கால ஹனஃபி அறிஞர்கள் பலர் அனுமதிக்கின்றனர். நம் கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் பலர். அந்த மத்ஹபின் நூல்களில், தனி மதுவை மருந்தாக்குவது வேறு, பிறபொருளில் கலந்து தன் தன்மையை இழந்ததைப் பயன்படுத்துவது வேறு என்று பிரித்துக் காட்டப்பட்டுள்ளது. பின்னதற்கு, அதே பயன் தரும் தூய மருந்து இல்லாதபோது, நம்பகமான மருத்துவரின் சொல்லின் பேரில் இடமுண்டு. ஆகவே ஆல்கஹால் சேராத வார்னிஷ் இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இருப்பதைப் பூசிக்கொள்ளத் தடையில்லை என்பதே என் கருத்து. ஃபுளோரைடு ஜெல் என்று ஒன்று உண்டு, அதைப் பூசலாமே என்று சிலர் சொல்லக்கூடும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவார்கள் என்பதால் அவ்வயதினருக்கு வார்னிஷையே மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

உளூ, குளிப்பு பற்றியும் ஒரு சகோதரர் கேட்டார். கடமையான குளிப்பு பருவமடைந்தவர்களுக்கே உரியது. அந்தப் பூச்சும் ஓரிரு நாளில் பல் துலக்கும்போது போய்விடும். நோன்பு நோற்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ரமளானில் பூச நேர்ந்தால் இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

மிஸ்வாக் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. சமுதாயத்துக்குச் சிரமம் ஆகாதென்றால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கும்படி ஏவியிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வாய்த்தூய்மையை இத்தனை வலியுறுத்திய உம்மத்தின் பிள்ளைகள் சொத்தைப் பற்களோடு திரிவது எப்படி? மிஸ்வாக்கைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தந்தையர் பலர், பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்ததில்லை. உகாய் மரத்தின் வேர் பல்லைத் தேய்த்துத் தூய்மை செய்யும். இரண்டு வயதுக் குழந்தையின் பல்லிடுக்கில் அமிலம் அரிக்கத் தொடங்கியதை அது மட்டும் திருப்பிவிடாது. நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கற்பித்தவரும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். மிஸ்வாக்கைக் காட்டி மருந்தை மறுப்பது, ஒரு சுன்னத்தைக் கொண்டு இன்னொரு சுன்னத்தைத் தள்ளுவது.

மிகைப்படுத்தவும் மாட்டேன். 2013-ல் வெளியான காக்ரேன் மீளாய்வு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வார்னிஷ் பூசியவர்களுக்குப் பால்பற்களில் சொத்தை சராசரியாக 37 சதவீதமும் நிலைப்பற்களில் 43 சதவீதமும் குறைந்திருந்தது. நூற்றுக்கு நூறு அன்று. குழி விழுந்த பல்லை அது மூடாது. இரவுப் புட்டியை நிறுத்தாமல், பல் துலக்காமல், வார்னிஷை மட்டும் நம்புவது ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது போல. பற்பசை வாங்கும்போது உறையில் ஃபுளோரைடு என்று இருக்கிறதா எனப் படியுங்கள். மிஸ்வாக் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவு பசை போதும்.

பூசுவதற்கு ஊசி இல்லை, இயந்திரம் இல்லை. குழந்தை தாயின் மடியிலேயே படுத்திருக்கும். பல்லைத் துடைத்து, சிறு தூரிகையால் தடவுவார்கள். சில நிமிட வேலை. சில வகைகளில் ஒரு நாள் பல் மஞ்சளாகத் தெரியும். சில மணி நேரத்துக்குக் கடினமான உணவும் சூடான பானமும் வேண்டாம். பல் துலக்குவதை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளை, பிசின் ஒவ்வாமை உள்ள பிள்ளை, வாய்ப்புண் உள்ள பிள்ளை என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூர், மேல்மருவத்தூர், இரத்தினமங்கலம் ஆகிய ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், மக்தப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை முகாமுக்கு ஏற்பாடு செய்ய முடியாதா? மீலாது மேடைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிகூட இதற்கு வேண்டியிருக்காது.

ஆறு மாதக் கணக்கு மறந்துவிடுகிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். ஷஃபானில் ஒன்று, ஸஃபரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஆறு மாதம் வரும். ஸஃபரைப் பீடை மாதம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு அந்த மாதத்தில் செய்ய ஒரு நல்ல காரியமும் கிடைக்கும்.

அந்தத் தங்கைக்கு இதுவரை ஒரு முறை பூசியாகிவிட்டது. நன்னிம்மாவே மடியில் வைத்துக்கொண்டாராம். அண்ணனுக்கு நிலைப்பற்கள் முளைக்கும் வரை ஸாவுக்காக நான் அவனை வற்புறுத்துவதில்லை. மிட்டாய் டப்பாவை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். சூரா முடித்த பிள்ளைகளுக்கு இப்போது பென்சில் தருகிறேன். அவர்கள் முகத்தில் முன்பிருந்த மகிழ்ச்சி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.