ஆயாவின் பானை

பெல்ஜியத்துப் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மடத்துத் துறவிகளே பீர் காய்ச்சுகிறார்கள், ஒழுக்கம் கெட்டுப்போகவில்லை. பெங்களூரில் கேழ்வரகு பீர் நானும் குடித்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ‘கிராஃப்ட்’ என்றார்கள், கைத்தொழிலாம்.

எங்க ஆயாவுக்கும் அந்தக் கைத்தொழில் தெரியும். சோத்தைப் பானையில புளிக்கவச்சு சுண்டக்கஞ்சி போடும். போலீசு வந்து பானையை உடைச்சு, கெழவி முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. “குடிகாரச் சேரி” என்றான் ஊர்க்காரன். ராத்திரியில சேரிக்கு வந்து குடிச்சவனும் அவன்தான்.

1987இல் கள்ளைத் தடைசெய்த அரசு, 2003 முதல் டாஸ்மாக் கடையில் தானே சில்லறைக்கு ஊற்றி விற்கிறது. பீர் ஆலை முதலாளிக்கு உரிமம், ஆயாவுக்கு வழக்கு. பீர் ருசி பேசும் கனவான்களே, மதுவிலக்கு உத்தமர்களே, உடைத்த பானைக்கு முதலில் கணக்குச் சொல்லுங்கள்.