குளிர்நீர் ஓடையில் ஒரு காலைப்பொழுது



மாசி கழிந்து பங்குனி பிறந்துவிட்டால், எங்கள் திருக்கோஷ்டியூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஒரு செய்தி வாய்க்கு வாய் பரவும். இன்ன ஊர்க் கண்மாயில் இன்ன நாளில் மீன்பிடி என்பதே அச்செய்தி. அறுவடை முடிந்து, கண்மாய் நீர் முழங்காலளவுக்கு இறங்கியிருக்கும். விடியுமுன்பே பல ஊர் மக்கள் கரையில் வந்து கூடிவிடுவர். ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக எல்லாரும் ஒரே வேளையில் நீருக்குள் இறங்குவர். விராலும் கெளுத்தியும் கெண்டையும் சேற்றில் துள்ளும். பிடித்த மீனை விலைக்கு விற்பது வழக்கமன்று. அன்று மாலை ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் மீன்குழம்பு கொதிக்கும்.

மீன்பிடித்தல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இதுதான். சேறு, வெயில், ஆரவாரம், அள்ள அள்ளக் கிடைக்கும் மீன். அங்கே குளிர் என்ற சொல்லுக்கே இடமில்லை. இத்தகைய ஊரில் வளர்ந்த நாங்கள், மலைமேல் உறைபனிக் காலத்தில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போய்க் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைநாடு செல்லும் பெற்றோர் எவருக்கும் அது பயன்படும்.

1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். எங்கள் மைத்துனர் அப்போது நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்தில் பணியாற்றி வந்தார். அவருடைய குழந்தைக்கு ஞானஸ்நானம். அதன்பொருட்டு அப்பத்தா, பிள்ளைகள் இருவர் உள்பட வீட்டார் அனைவரும் புறப்பட்டுச் சென்றோம். சடங்கும் விருந்தும் முடிந்த மறுநாள், மைத்துனர் ஓர் ஆசையைக் கிளப்பிவிட்டார். "அத்தான், இங்கே ட்ரவுட் என்றொரு மீன் உண்டு. நம் கண்மாய் மீனைப் போல் அன்று. மீன்துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் போவோம்" என்றார்.

அந்த மீனின் வரலாறே ஒரு கதை. ட்ரவுட் நம் நாட்டு மீன் அன்று. 1863இல் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் அதை இங்கிலாந்திலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பின்னாளில் பெருநூல் எழுதியவர் அவரே. அம்முயற்சி பலிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, எச். சி. வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநரின் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வானவில் ட்ரவுட்டின் முட்டைகள் வரவழைக்கப்பட்டன. அம்மீனின் பூர்வீகமோ வட அமெரிக்காவின் மேற்குக் கரை. கலிபோர்னியாவிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்று, அங்கிருந்து நம் மலைக்கு வந்து குடியேறிய மீன் அது.

அவலாஞ்சி என்னும் பெயரும் 1820களில் அங்கே நிகழ்ந்த ஒரு பெரும் மண்சரிவினால் வந்ததாகும். அண்மைக் காலத்திலும், 2019 ஆகஸ்டு 8ஆம் நாளோடு முடிந்த ஒரே நாளில் அங்கே 82 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழைக்குச் சற்றேறக் குறைய ஈடானது அது.

அப்படியானால் இம்மீன் ஏன் மலையில் மட்டும் வாழ்கிறது? விடை குளிரில் இருக்கிறது. நீர் குளிரக் குளிர, அதில் கரைந்து நிற்கும் உயிர்க்காற்று மிகும். 10 டிகிரி நீரில், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்க்காற்று கரைந்திருக்கும். எங்கள் கண்மாய் நீரைப் போல 30 டிகிரிக்குச் சுட்டுவிட்டால் ஏழரை மில்லிகிராமே நிற்கும். நம் விரால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ட்ரவுட்டால் அது இயலாது. 20 டிகிரியைத் தாண்டினாலே அது துன்புறத் தொடங்கும். ஆகவே ட்ரவுட்டைத் தேடிப் போகிறவர், தம் உடல் பழகாத குளிரைத் தேடிப் போகிறார் என்பதே பொருள்.

விடியலில் போய்ச் சேர்ந்தோம். புல்லின்மேல் உறைபனி உப்புப் பூத்தாற்போல் படிந்திருந்தது. சோலைக் காட்டின் நிழலில் ஓடை கூழாங்கற்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. கதிரவன் எழுந்தும் பள்ளத்தாக்கில் வெயில் இறங்கவில்லை. அப்பத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் ஒரு பாறைமேல் அமர்ந்துவிட்டார்.

மைத்துனர் தம் நண்பரிடம் இரவல் வாங்கி வந்த தூண்டிலை எடுத்துக் காட்டினார். மண்புழு இல்லை, ஈயக்குண்டு இல்லை, நெட்டித் தக்கையும் இல்லை. முள்ளின்மேல் பட்டுநூலால் இறகுகளைக் கட்டிச் செய்த பொய் ஈ ஒன்றுதான் இருந்தது. நம் தூண்டிலில் குண்டின் கனமே இரையைத் தொலைவுக்குக் கொண்டுபோகும். இதிலோ கயிறுதான் கனம். அதைத் தலைக்குப் பின்னே வீசி, காற்றில் விரியவிட்டு, பிறகு முன்னே செலுத்தினால், ஈ தானாகவே நீர்மேல் இறங்கி அமர்வதுபோல் அமரும். மெய்யான பூச்சியென்று எண்ணி மீன் மேலே வந்து கவ்வும்.

அந்த ஈயில் இருந்த இறகு எங்களுக்குப் பழக்கமானதே. மயில் தோகை இழை ஒன்று. மற்றொன்று, தென்னாட்டுக் காடுகளுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. மெழுகுச் சொட்டுப் போன்ற புள்ளிகள் உடைய அவ்விறகுக்காகவே ஒரு காலத்தில் அப்பறவையை வேட்டையாடி, இறகுகளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று அப்பறவைக்குக் காவலாக இருக்கிறது. அந்தப் பழைய ஈ எந்நாளில் கட்டியதோ, அறியோம்.

முதல் மீன் எங்கள் மூத்த மகளுக்குக் கிடைத்தது. சாண் நீளங்கூட இல்லை. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடும், உடலெங்கும் கரும்புள்ளிகளுமாகக் கையில் மின்னியது. "சின்ன மீன், விட்டுவிடம்மா" என்றார் மைத்துனர். அவள் முகம் வாடியது. கண்மாயில் எவரும் மீனைத் திரும்ப விட்டு அவள் கண்டதில்லை. நாங்கள் அவளுக்கு விளக்கிச் சொன்னோம்: "கண்மாய் இன்னும் சில நாளில் வற்றும். நாம் எடுக்காவிட்டால் மீன் கருவாடாகும் அல்லது கொக்குக்கு இரையாகும். இந்த ஓடை வற்றாது. குளிர்ந்த நீரில் மீன் மெல்லத்தான் வளரும். இதன் முட்டை பொரியவே 10 டிகிரி நீரில் ஒரு திங்கள் ஆகிறதாம்." அவள் கையை நீரில் நனைத்து, மீனை நீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்து விடுவித்தாள். ஒரு நொடி நின்று, வாலை அடித்து மறைந்தது அது.

இவ்வளவு நன்றாகப் பிள்ளைக்கு அளவைப் பற்றிப் போதித்த நாங்கள், அடுத்த அரைமணி நேரத்தில் செய்ததை இனிச் சொல்ல வேண்டும்.

எட்டு வயதுச் சின்னவன் பாசி படிந்த கல்லில் வழுக்கி, இடுப்பளவு நீரில் விழுந்தான். உடனே தூக்கிவிட்டோம். அடி ஒன்றும் படவில்லை. "குளிருதாடா?" என்று கேட்டோம். "இல்லை" என்றான். தோளில் ஒரு துண்டைப் போர்த்திக் கரையோரமாக நிறுத்திவிட்டு, மீண்டும் தூண்டிலைக் கையில் எடுத்தோம். ஏனெனில் எதிரே ஒரு மடுவில் பெரிய மீன் ஒன்று மேலே வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முறை வீசுவோம் என்று எண்ணினோம். பிறகு இன்னும் ஒரே ஒரு முறை. அப்படி எத்தனை முறை வீசினோம் என்று கணக்கில்லை.

பாறையிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது. "ஏய்யா, சின்னவன் ஏன் வாயடைத்துப் போனான்? அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறவனா?"

திரும்பிப் பார்த்தோம். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. உடல் உதறியது. சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னால் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கேட்டதற்கு அவன் சொன்ன விடை குழறியது. தூண்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சற்றுத் தொலைவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகள் இருந்தன. இலங்கை மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பிய ஒரு தாயார் கதவைத் திறந்தார். கணமும் தாழ்த்தாமல் ஈரத் துணிகளை எல்லாம் களைந்தார். உலர்ந்த துணியால் ஒற்றி, கம்பளியில் சுற்றி, தலையையும் மூடி, அப்பத்தாவின் மடியில் உடம்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகே, இனிப்பு மிகுந்த தேநீரைச் சிறுகச் சிறுகப் பருகக் கொடுத்தார். கூடியிருந்தோரில் ஒருவர் இரண்டு சொட்டு பிராந்தி கொடுக்கலாமே என்றார். "வேண்டவே வேண்டாம், அது பிள்ளையைக் கொன்றுவிடும்" என்று அந்த அம்மையார் தடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்குப்பின் சின்னவன், "என் மீன் எங்கே?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்பத்தா அழுதுவிட்டார்.

அந்தத் தாயார் தம் பட்டறிவால் செய்தது முழுவதும் சரியே என்று பின்னர் மருத்துவரிடம் கேட்டு அறிந்தோம். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். நனைந்த துணியும் அவ்வாறே. உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளுக்கு வெப்பம் விரைவில் குறைந்துவிடும். முதலில் நடுக்கம், பிறகு கைத்தடுமாற்றம், பேச்சுக் குழறல், பிறகு சோர்வு. நடுக்கம் தானாக நின்றுபோய்ப் பிள்ளை தூங்க விரும்பினால், அது நலமடைந்ததற்கு அறிகுறியன்று. நிலைமை முற்றியதற்கு அறிகுறி. அந்நிலையில் வாய்வழியாக எதையும் கொடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கை கால்களை அழுத்தித் தேய்ப்பதும், நெருப்பருகே நேராக நிறுத்துவதும் கூடாது. மதுபானம் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, எஞ்சிய வெப்பத்தையும் போக்கிவிடும்.

ஆகவே குளிர்காலத்தில் பிள்ளைகளோடு மலைநீர் அருகே செல்வோர், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுடையை நனையாத பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். பருத்திச் சட்டை நனைந்தால் குளிரைக் கூட்டும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். தலைக்குக் குல்லாவும் வெந்நீர்க் குடுவையில் சூடான பானமும் தேவை. வெயில் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகே நீரருகே போங்கள். தூண்டில் எடுத்துச் செல்வதானால், எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்பதை மீன்துறையிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவைப் போன்ற காப்புக் காடுகள் விளையாட்டுக்குரிய இடங்கள் அல்ல.

இவை யாவினும் மேலாக, அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எங்கே சென்றாலும், வீட்டாரில் எவரேனும் ஒருவர், அவர் எத்துணைச் சிறியவராயினும், "போதும்" என்று சொல்லிவிட்டால், எல்லாரும் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். காரணம் கேட்கலாகாது, "இன்னும் ஒரே ஒரு முறை" என்று சொல்லலாகாது. சொல்லாத பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அவனுக்காகப் பெரியவர் எவரேனும் அச்சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பத்தா இருந்தவரை அப்பொறுப்பு அவருடையதாகவே இருந்தது. ட்ரவுட் என்ற பெயரை அவர் வாய் கடைசிவரை சரியாக உச்சரித்ததில்லை. ஆயினும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியாதது, பேரனைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்குத் தெரிந்தது.

அன்று நாங்கள் ஒரு மீனும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மடுவில் கண்ட அந்தப் பெரிய மீன் அங்கேயே இருந்துவிட்டது. சின்னவன் இன்று இரு பிள்ளைகளின் தந்தை. சென்ற ஆண்டு கண்மாய் மீன்பிடிக்குத் தன் மக்களை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான். உச்சிவெயிலில் இளையவள் கரையில் நின்று, "போதும் அப்பா" என்றாள். அவன் கையில் இருந்த ஊத்தாவுக்குள் ஒரு விரால் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கூடையில் போட்டான். மறுபடி ஊத்தாவைக் குத்தாமல் கரையேறினான்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.