நியமித்தவர்களை யார் கேட்பது?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும்: கிளப்பின் வரலாற்றிலேயே மிக மோசமான மேலாளர் யார்? ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு 2013இல் வந்து, ஒரு சீசனைக்கூட முடிக்காமல் நீக்கப்பட்ட டேவிட் மோயஸா? 2024-25 சீசனின் நடுவில் பொறுப்பேற்று, பிரீமியர் லீக்கில் 15ஆம் இடத்தில் முடித்த ரூபன் அமோரிமா?

எண்களைக் கேட்டால் இருவரும் தப்பிவிடுவார்கள். 1930-31இல் ஹெர்பர்ட் பாம்லெட்டின் அணி முதல் 12 லீக் ஆட்டங்களிலும் தோற்றது. 42 ஆட்டங்களில் 115 கோல்கள் வாங்கி, கடைசி இடத்தோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

தரமிறங்கியதுதான் அளவுகோல் என்றால், 1974இல் அதே கதிக்கு ஆளான டாமி டோகர்ட்டியையும் சேர்க்க வேண்டும். ஆனால், நிர்வாகம் அவரை நீக்கவில்லை. அடுத்த ஆண்டே அணி முதல் டிவிஷனுக்குத் திரும்பியது; 1977இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது. அலெக்ஸ் ஃபெர்குசனைப் போகச் சொல்லி 1989 டிசம்பரில் ஓல்டு டிராஃபோர்டில் பதாகை உயர்ந்தது. அன்றே அவரை அனுப்பியிருந்தால், பின்னாளில் 13 லீக் பட்டங்கள் வென்றவர் இந்தப் பட்டியலில்தான் இருந்திருப்பார்.

ஆக, கணக்கை எந்த நாளில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. அந்த நாளைக் குறிப்பதோ நிர்வாகம். அமோரிமுக்கு முன்பிருந்த மேலாளர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில் நீட்டித்தார்கள். கோடையில் வீரர்களை வாங்கினார்கள். அக்டோபரில் அவரை நீக்கினார்கள். நான்கு பேர் கொண்ட தடுப்பு வரிசைக்காகத் திரட்டிய அணியை, மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை வைத்தே ஆடும் அமோரிமிடம் சீசன் நடுவில் ஒப்படைத்தார்கள். தோல்விகள் தொடர்ந்தும் முறையை மாற்றாதது அமோரிமின் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் ஊரறிந்தது, தெரிந்தேதான் அழைத்துவந்தார்கள்.

1930இன் ரசிகர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். பாம்லெட்டை மாற்றச் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. திறமையாளர்களைத் தேடிப் பிடிக்க ஒழுங்கான ஏற்பாடு, புதிய முதலீடு, புதிய இயக்குநர்கள் ஆகியவற்றையும் கேட்டார்கள். ஆர்சனல் ஆட்டத்தைப் புறக்கணிக்க அவர்கள் விடுத்த அழைப்பு எடுபடவில்லை. ஆனாலும், நோய் எங்கே இருக்கிறது என்று சரியாகவே சொன்னார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் கிளப் திவாலின் விளிம்புக்கு வந்தபோது, ஜேம்ஸ் கிப்சன் என்ற தொழிலதிபரின் பணம்தான் அதைக் காப்பாற்றியது.

இன்றைய விவாதத்துக்கும் அந்தப் பார்வை தேவை. மோயஸ், வான் கால், மொரின்ஹோ, சோல்ஷார் என்று நால்வர் நீக்கப்பட்டபோதும் நிர்வாகத்தை நடத்தியவர் எட் வுட்வர்டு. உரிமையாளர்கள் கிளேசர் குடும்பத்தினர். மோசமான மேலாளர் பட்டியல் போடும் ரசிகர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நியமித்தவர் பெயரையும் நீக்கியவர் பெயரையும் எழுதட்டும். முதல் வரிசையில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டிலும் அதிகம் மாறாது.