“ஏன் சார் வலிக்கல?” – நான் தட்டிக்கழிச்ச ஒரு கேள்வி

1/ டாக்டர்கள் குரூப்ல தினம் ஒரு லீடர்ஷிப் கோச்சிங் விளம்பரம். ரெண்டு நாள் வகுப்பு, கடைசியில சான்றிதழ். தப்புன்னு சொல்லல. ஆனா அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மீனவர் ஞாபகம் வருது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்து ஆள். கையில தீக்காயத்தோட ஓ.பி.க்கு வந்தார். கூட இருந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு கேட்டாங்க: “ஏன் சார், இவ்ளோ பெரிய காயம், வலிக்கவே இல்லைங்கறாரு?” வெளிய பெரிய வரிசை. “முதல்ல கட்டு போட்டு அனுப்பும்மா”ன்னுட்டேன். அதுக்கப்புறம் அன்னைக்கு அவங்க எதுவுமே கேட்கல.

3/ சில மாசம் கழிச்சு அவரே திரும்ப வந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பிச்சிருந்தது. கையில உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல். தொழுநோய். முதல் நாளே அந்தப் பொண்ணு சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க. நான்தான் காது கொடுக்கல.

4/ இதே செங்கல்பட்டுக்கு இந்த விஷயத்துல ஒரு வரலாறு உண்டு. இன்று திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம், 1955க்கு முன்பு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1947ல் அங்கே இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், வேலூர் சி.எம்.சி.யின் அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்டுக்கு அதைச் சுற்றிக் காட்டினார். பிராண்ட் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். அப்போ 33 வயசுக்குள்ளதான்.

5/ காக்ரேன் தோல் நிபுணர். தேமல்களைக் காட்டிக்கிட்டே போறார். பிராண்டின் கண் மடங்கிய விரல்கள் மேல. இந்தக் கைகளுக்கு ஏன் யாரும் எதுவும் செய்யலன்னு கேட்டார். ‘தொழுநோய்னா அப்படித்தான்’னு முடிச்சிருக்கலாம். காக்ரேன் முடிக்கல. எலும்பு உங்க துறை, நீங்கதான் பார்க்கணும்னு கேள்வியை அவர் கையிலயே கொடுத்தார்.

6/ அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடிச்சுப் பார்த்த பிராண்டுக்கு ஆச்சரியம். அவ்வளவு பலமான பிடி. அப்போ சில தசைகள் நல்லா இருக்கு! நல்ல தசைநாணை இடம் மாற்றிக் கட்டி விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்தது இப்படித்தான். விரல்கள் தானா அழுகி விழறதில்ல, வலி தெரியாம காயம் மேல காயம் பட்டுத் தேயுதுன்னும் புரிஞ்சது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் இந்தப் பாடம் உதவுது.

7/ எம்.பி.பி.எஸ். முடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துல சேர்ந்தா, இருபத்தஞ்சு வயசுலயே நர்ஸ், மருந்தாளுநர், லேப் எல்லாருக்கும் நாமதான் பொறுப்பு. 2019ல் வந்த பாடத்திட்டம் மருத்துவரின் ஐந்து பொறுப்புகளில் ஒன்றாகத் ‘தலைமை’யைச் சொல்லுச்சு. நல்லது. ஆனா அதை மாணவர் கத்துக்கிற இடம் வார்டு ரவுண்ட்ஸ். ஜூனியர் கேள்வி கேட்டதும் சீனியர் முகம் எப்படி மாறுதுங்கறதுதான் பாடம்.

8/ இப்போ வாரம் ஒருநாள் ஓ.பி. முடிஞ்சதும் 15 நிமிஷம் உட்காருறோம். ஹவுஸ் சர்ஜன், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் யார் வேணா ‘இது ஏன் இப்படி?’ன்னு கேட்கலாம். சீனியர் கடைசியாத்தான் பேசணும். ஆனா எனக்கு டிரான்ஸ்பர் வந்தா இது நின்னுடும். அதனாலதான் சொல்றேன்: எல்லா அரசு மருத்துவமனையிலும் இதை டியூட்டி நேரமா சேர்க்கணும். ஓ.பி.க்குப் போதுமான ஆளும் போடணும். மூச்சு விட நேரமில்லாதவன் எப்படிக் காது கொடுப்பான்?

9/ உங்களுக்கு ஒண்ணு. உணர்ச்சியில்லாத தேமல் இருந்தா அரசு மருத்துவமனைக்கு வாங்க. 6 அல்லது 12 மாசக் கூட்டு மருந்து, இலவசம், குணமாகும். டாக்டர்கிட்ட ‘வலிக்குது’ மட்டுமில்ல, ‘வலிக்கல’ங்கறதையும் சொல்லுங்க. அவசரப்படுத்தினா இன்னொரு முறை சொல்லுங்க.

10/ அந்த மீனவர் மருந்தை முழுசா முடிச்சுட்டார். ரெண்டு விரல் மட்டும் இன்னும் சரியா நிமிரல. வலை பின்னும்போது அது தெரியும். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். அவங்க இப்போ வேற ஊர்ல மருத்துவ அலுவலர். அவங்க ஓ.பி.யில யாராவது ‘ஏன்?’னு கேட்டா, பதில் கிடைக்கும்னு நம்புறேன்.