பதிலி மாதிரி சொன்னால் மட்டும் போதாது

ஃபோர்டு நிறுவனத்தில் ஒரு கார் மோதல் உருவகப்படுத்தலுக்கு 36 முதல் 160 மணி நேரம் பிடித்தது என்ற கணக்கு நம் துறைக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். இரண்டே மாறிகள், 50 ஓட்டங்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் 75 நாள் முதல் 11 மாதம் வரை ஆகிவிடும். கணினியின் வேகம் பிறகு எவ்வளவோ கூடியது. நாமும் வலைக்கண்ணிகளை நுணுக்கிக்கொண்டே போனதால் காத்திருப்பு அப்படியேதான் இருக்கிறது. சில ஓட்டங்களின் விடைகளிலிருந்து கட்டி, உருவகப்படுத்தலுக்குப் பதிலாக மதிப்பைக் கணிக்கும் பதிலி மாதிரிகளை நாடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அத்தகைய மாதிரிகளில் ஒன்றான கிரிகிங்கின் வேர் சுரங்கத்தில் இருக்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் தாதுவின் தரத்தை மதிப்பிட டேனி கிரிகே 1951இல் முன்வைத்த முறைக்குப் பின்னர் கணித வடிவம் தந்தவர் ஜார்ஜ் மாத்தரோன். சாக்ஸ், வெல்ச், மிட்செல், வின் நால்வரும் 1989இல் அதைக் கணினிச் சோதனைகளுக்குக் கொண்டுவந்தார்கள். துளையிடாத இடத்தில் என்ன இருக்கலாம் என்பதோடு, அந்த மதிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கிரிகிங் சேர்த்தே சொல்கிறது. நமக்கு வரும் கட்டுரைகள் பலவும் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன.

லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் சில புள்ளிகளை ஓட்டி, மாதிரியைப் பொருத்தி, அதன்மேல் மரபணு நெறிமுறையை ஏவி, மாதிரி கணித்த மதிப்பையே விடையாக அச்சிடுகிறார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தேடல் நெறிமுறை நல்ல வடிவமைப்பை எவ்வளவு ஆவலாகத் தேடுமோ, அதே ஆவலோடு மாதிரி நமக்குச் சாதகமாகத் தவறும் இடத்தையும் தேடிப் பிடிக்கும். குறுக்குச் சரிபார்ப்பில் சராசரிப் பிழை சிறிதாக இருப்பது இங்கே காப்பாற்றாது. அந்த ஒரு மூலையில் பிழை எவ்வளவு என்பதே கேள்வி. ஜோன்ஸ், ஷோன்லாவ், வெல்ச் மூவரும் 1998இல் விளக்கிய எதிர்பார்க்கப்படும் மேம்பாடு என்ற அளவுகோல், மதிப்பு நல்லதாக இருக்கும் என்று மாதிரி கணிக்கும் இடத்தையும் நமக்கு இன்னும் விளங்காத இடத்தையும் ஒருசேர எடைபோட்டு அடுத்த ஓட்டத்தைத் தேர்கிறது. கையிருப்பு ஓட்டங்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டால் இதற்கு இடமே இராது.

தோற்றுப்போன ஓட்டங்கள் இன்னொரு கவலை. கண்ணி சிதைந்ததோ, தீர்வு குவியவில்லையோ, அவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறோம். ஆனால் அவை பெரும்பாலும் மாறிவெளியின் ஒரே பகுதியில் குவிந்திருக்கும். தரவே இல்லாத அப்பகுதியை மாதிரி வழவழப்பாக நிரப்பிவிட, உகந்த புள்ளி அங்கேயே போய் உட்காருகிறது.

எனவே அடுத்த இதழிலிருந்து கட்டுரையாளர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கப்போகிறோம். முன்மொழியும் வடிவமைப்பை மூல உருவகப்படுத்தலில் ஓட்டி, கணித்த மதிப்பையும் கிடைத்த மதிப்பையும் அருகருகே தர வேண்டும். தொடக்கப் புள்ளிகள், தோற்றவை உட்பட எல்லா ஓட்டங்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து தேடலைத் திரும்பச் செய்து விடைகளின் சிதறலைக் காட்ட வேண்டும். மூல ஓட்டம் அதற்குத் தாங்காது என்றால் பருமனான கண்ணியில் செய்தாலும் ஏற்போம். சரிபார்க்கும் ஓட்டத்துக்கு ஒரு வாரம் பிடிக்குமானால், திருத்திய படியை அனுப்பும் கெடுவோடு அந்த ஒரு வாரத்தையும் கூட்டித் தருவோம்.