உண்டிவில்லைக் கீழே போடுங்கள்

கொய்யாக் கவட்டை, சைக்கிள் டியூப், ஒரு துண்டுத் தோல் இருந்தால் உண்டிவில் தயார். நம்மில் பலர் சிறுவயதில் கண்மாய்க் கரையில் அதோடு திரிந்தவர்கள்தான். இன்று பிள்ளைகள் கையில் அதைப் பார்த்தால் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

முயலையும் கவுதாரியையும் வேட்டையாட 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. கொல்ல முயல்வதும், கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதும் அச்சட்டப்படி வேட்டைதான்.

சட்டம் இருக்கட்டும்; நம் வரவு செலவைப் பாருங்கள். இரட்டைவால் குருவி நெல்வயலில் பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. ஆந்தை இரவில் எலியைத் தின்கிறது. கல்லடியில் அவை விழுந்தால், அந்த வேலைக்கு மருந்துக்கடையில் காசு கொடுப்பது நாம்தான்.

'சோளம் பால் பிடிக்கும்போது பறவைகள் அழிக்கின்றனவே' என்பீர்கள். உண்மைதான். ஆனால் விரட்டுவது வேறு, கொல்வது வேறு. பரண் மேல் நின்று தகரம் தட்டுங்கள். ஒளிரும் நாடா கட்டுங்கள். நெல்லில் ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத் தாங்கிகள் நடுங்கள். கதிர் முற்றும் முன் அவற்றை எடுத்துவிடுங்கள். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளுக்கு அதுவே வசதியாகும்.

மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அந்தப் பெருமை மலையோடு நின்றுவிடக் கூடாது; நம் வரப்புக்கும் வர வேண்டும். வேளாண் அலுவலர்களே, அடுத்த பயிற்சிக் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்கள் கையாலேயே தாங்கிகளை நடச் சொல்லுங்கள்.