கடை முதலை எடுத்து வாடகை வீடு வாங்கலாமா?

நம்மிடம் சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் இப்போதெல்லாம் துவரம் பருப்பின் விலையைக் கேட்டு முடித்ததும் அடுத்ததாக வீட்டு விலையைக் கேட்கிறார்கள். "மயிலாப்பூரில் பழைய பிளாட் ஒன்று விலைக்கு வருகிறது அண்ணாச்சி, வாங்கி வாடகைக்கு விட்டுவிடட்டுமா?" என்கிறார் ஒருவர். இன்னொருவருக்குத் தியாகராய நகர், வேறொருவருக்கு அடையாறு. கேட்பவர்கள் எல்லோருமே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். கல்லாவில் வந்து உட்காரப் போவதில்லை. பத்து நிமிடத்தில் சாமானை வீட்டு வாசலில் இறக்கும் கம்பெனிகள் வேறு தெருத் தெருவாகச் சுற்றுகின்றன.

இவர்களின் பயம் நமக்குப் புரிகிறது. மாதச் சம்பளக்காரருக்கு வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. நமக்கோ கடையை மூடிய மறுநாளே வருமானமும் மூடிக்கொள்கிறது. ஆகவே வயதான காலத்துக்கு ஒரு வாடகை வீடு வேண்டும் என்று நினைப்பதில் குற்றமே இல்லை. அதை எந்தப் பணத்தில் வாங்குவது என்பதில்தான் வியாபாரிகள் தடுமாறுகிறார்கள்.

நாமும் தடுமாறியவர்கள்தான். 1994-ல் மயிலாப்பூரில் மாட வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்று சகாயமாக வந்தது. மிளகாய் சீசனுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துப் பத்திரம் முடித்தோம். வீடு நல்ல வீடு. இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த வருடம் குண்டூர் மிளகாய் வரத்துத் தொடங்கி விலை இறங்கி இருந்தபோது நம் கையில் ரொக்கம் இல்லை. விலை ஏறிய பிறகு வட்டிக்கு வாங்கிச் சரக்கு பிடித்தோம். வாடகையாக வந்ததைப்போல மூன்று பங்கு வட்டியாகப் போயிற்று. பழைய நிலைக்குக் கடையைக் கொண்டுவர இரண்டு வருடம் பிடித்தது. யார் மீதும் குற்றம் இல்லை. கணக்குப் போடத் தெரிந்த நாமே கணக்குப் போடாமல் வாங்கியதுதான் குற்றம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு வீட்டின் விலை ரூ.1 கோடி, வாடகை மாதம் ரூ.25,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சம், அதாவது நூற்றுக்கு மூன்று. இதில் பத்திரச் செலவைப் பலர் சேர்ப்பதே இல்லை. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள் என்பது உண்மைதான். அப்படியும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கோடி ரூபாய்க்கு 9 லட்சம். சாவி கைக்கு வரும் முன்பே மூன்று வருட வாடகை செலவாகிவிட்டது!

மீதியையும் பாருங்கள். அரையாண்டுக்கு ஒரு தரம் மாநகராட்சிக்குச் சொத்து வரி. அது 1998-க்குப் பிறகு அசையாமல் கிடந்து 2022-ல் ஒரே மூச்சில் ஏறியது. 600 சதுர அடிக்கு உட்பட்ட பழைய நகரப் பகுதி வீட்டுக்கே 50 சதவீதம், பெரிய வீட்டுக்கு 150 சதவீதம் வரை. ஆள் மாறினால் ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும். தரகருக்குக் கொடுக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பழைய குழாய்களை மாற்ற வேண்டும். இவை எல்லாம் போகக் கையில் 2 லட்சத்து 40 ஆயிரம் நின்றால் அதிர்ஷ்டம். போட்டது 1 கோடியே 9 லட்சம். நூற்றுக்கு இரண்டேகால் ரூபாய்கூடத் தேறவில்லை. வங்கியில் வைப்பாகப் போட்டாலே இதைவிட அதிகம் வரும்.

கடையில் அந்தப் பணம் என்ன செய்கிறது? மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் நின்றாலும், அதே பணம் வருடத்தில் பத்துத் தடவை திரும்பினால் இருபது. சில்லறையில் இதைவிடக் கூடுதலாகவே நிற்கும். இருபது ஈட்டுகிற பணத்தைப் பிடுங்கி இரண்டு ஈட்டுகிற இடத்தில் நடுகிறோம். ஆகவே சரக்குப் பணம், கேஷ் கிரெடிட் பணம், மில்காரருக்குத் தர வேண்டிய பாக்கிப் பணம் ஆகிய மூன்றையும் வீட்டுக்குத் தொடக்கூடாது. கடை வளர்வதற்கு வேண்டியதை எல்லாம் கடைக்குக் கொடுத்த பிறகும் வருடா வருடம் ஒதுங்கி நிற்கிற லாபம் ஒன்று இருக்குமானால், அதுதான் வீடு வாங்கும் பணம்.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பீர்கள். 60 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.52,000. வாடகை 25,000. மீதி 27,000-ஐ ஒவ்வொரு மாதமும் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். ஆடி மாதம் என்று பார்த்துத் தவணை குறையாது. "வட்டியைக் காட்டிக் கடை லாபத்துக்கு வரி குறைக்கலாம்" என்று தரகர் சொல்வார். பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் அப்படிக் கழிக்க முடியும். புதிய முறையில் வீட்டு நட்டத்தைக் கடை லாபத்தில் கழிக்கவே முடியாது. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று தள்ளிக் கொடுக்கிறார்கள், அது ஒன்றுதான் நிச்சயமான சலுகை. உங்கள் ஆடிட்டரை முதலில் கேளுங்கள். தரகரைப் பிறகு கேட்கலாம்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். வாடகைக்காக மட்டும் அல்ல, மண்ணுக்காக. நாம் மயிலாப்பூர் பிளாட்டை விற்காமல் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்புக் குறையும், அதன் அடியில் உள்ள மனைக்கு அப்படி இல்லை. ஆகவே பிளாட் பார்க்கப் போகிறவர் குளியலறை ஓட்டைப் பார்ப்பதற்கு முன்பு, பத்திரத்தில் பிரிபடாத மனைப் பாகம் எத்தனை சதுர அடி என்று பார்க்க வேண்டும். எட்டு வீடு உள்ள பழைய கட்டடத்தில் பாகம் அதிகம் வரும், உயரமான புதுக் கட்டடத்தில் குறையும். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு ஒருவர் மறுத்தாலே எல்லோரும் காத்திருக்க வேண்டிய நிலை முன்பு இருந்தது. 2022-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. முப்பது, நாற்பது வருடக் கட்டடங்கள் நிறைந்த தியாகராய நகருக்கும் மயிலாப்பூருக்கும் இது பெரிய விஷயம். ஆனால் இடித்துக் கட்டும் வருடங்களில் வாடகை வராது என்பதையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் இன்னொரு எச்சரிக்கை. அங்கே கோயில் மனையில் நிற்கும் வீடுகள் உண்டு. கட்டடம் ஒருவருக்கு, மண் கோயிலுக்கு. விலை மலிவு என்று கேள்விப்பட்டதும் ஓடாதீர்கள். மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றையும் நமக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிய பிறகே முன்பணம். விற்பவருடைய வக்கீலே நமக்கும் பார்த்துக் கொடுப்பார் என்பது, வாங்குகிறவன் தராசை விற்கிறவனிடமே விட்டுவிடுவதைப் போன்றது.

அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம் விற்பவர்கள் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சொத்தும் சில நேரம் அந்தப் பிள்ளைகள் பெயரிலேயே இருக்கும். உள்நாட்டுக்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிக்க வேண்டியது இதைப்போலப் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் அந்த வரி வாங்கியவர் தலையில் விடியும்.

இதில் எல்லாம் தரகருக்குத் தெரியாதது, நம்மைப் போன்றவருக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. நம் தெரு. மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாத வீடு அவர் தெருவில் கிடையாது. எந்தக் கட்டடத்தில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள், எந்த வீட்டில் ஆள் நிற்பதில்லை, எந்தக் குடியிருப்போர் சங்கத்தில் ஓயாத சண்டை என்பதெல்லாம் வீட்டுக்குச் சாமான் கொண்டு போய்ப் போடும் பையன் சொல்லிவிடுவான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார். வீட்டு விளம்பரத்தில் அது இராது. மாதக் கடன் புத்தகமோ அதைவிடப் பெரிய பொக்கிஷம். ஐந்தாம் தேதி பாக்கியைத் தீர்ப்பவர் வாடகையையும் ஐந்தாம் தேதி கொடுப்பார். எனவே முதல் வீட்டை உங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வாங்குங்கள். வேளச்சேரிக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கிறது என்று, போய்ப் பார்க்க நேரம் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை பனகல் பூங்கா, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகப் போகிறது என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். வரப்போகிற ரயிலின் லாபத்தை விற்பவர் இன்றைய விலையிலேயே எடுத்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான்.

குடிவைப்பதைப் பற்றி. 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, குடிவந்தவர் போக மாட்டார் என்ற பயத்திலேயே பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். அதே சட்டத்தின் நிழலில்தான் நம்மில் எத்தனையோ பேர் கடையும் நடத்தினோம். அதை மறந்துவிட்டு வீட்டுக்காரர் வேஷம் போடக்கூடாது. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாய் வார்த்தையில் சாவியைக் கொடுப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கடனுக்குச் சரக்குப் போட்டாலும் துண்டுச் சீட்டாவது எழுதுகிறோமே, வீட்டுக்கு ஏன் எழுதுவதில்லை? சண்டை வந்தால் தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்துவது சட்டத்துக்கு விரோதம்.

முன்பணம் சென்னையில் பத்து மாதம் வாங்குவது வழக்கம். வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்பது புதிய சட்டம். மூன்றே போதும் என்பது நமது அபிப்பிராயம். அந்தப் பணம் நம்முடையது அல்ல. ஆனால் வியாபாரி கைக்கு வந்த பணம் இரண்டு நாளில் உளுந்து மூட்டையாகிவிடும். குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் அட்வான்சைத் திருப்ப முடியாமல் "அடுத்த வாரம் வாங்க" என்று அவரை அலையவிட்ட வியாபாரிகளை நாம் அறிவோம். தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

"சைவம் மட்டும்" என்று மயிலாப்பூரில் பலகை மாட்டுகிறார்கள். கடைக்கு வருகிறவரை, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டுவிட்டா நாம் பருப்பு நிறுக்கிறோம்? வாடகை தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்பதற்கு மேல் கேட்பது வீட்டை இரண்டு மாதம் சும்மா போடுவதில்தான் முடியும். மற்றவர் திருப்பி அனுப்பிய ஒரு குடும்பம் நம் வீட்டில் பதினோரு வருடம் இருந்தது. ஒரு மாதம்கூட வாடகை தாமதமானதில்லை.

கடைப் பிள்ளைகள் தங்குவதற்கு வீடு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடையின் பெயரில் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், 18-7-2022 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீத வரியை எடுத்தவரே கட்ட வேண்டும். உரிமையாளர் தம் சொந்தக் குடித்தனத்துக்குத் தனிப்பட்ட முறையில் எடுத்தால் இல்லை. நீங்கள் வீட்டுக்காரர் ஆனாலும், ஒப்பந்தம் யார் பெயரில் என்று பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.

மயிலாப்பூர் பிளாட்டைப் பற்றிக் கேட்ட நண்பரின் பேரேட்டை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். அவர் சொன்ன பணத்தில் பாதிக்கு மேல் தீபாவளிச் சரக்குக்கு வேண்டிய பணம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இரண்டு படுக்கையறைக்குப் போதாது. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் பொங்கல் வசூலுக்குப் பிறகு போதும். முகம் சற்று வாடிப் போனார். இருந்தாலும் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு காலியாக இருப்பது அவருக்கே ஞாபகம் வந்தது. வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டிருப்பதாக நேற்றுச் சரக்கு எடுக்க வந்தபோது சொன்னார்.